பத்தடி தள்ளி நின்ற வகுப்பு

என் நாட்குறிப்பில் 1964 ஜூலை 9, வியாழக்கிழமையின் கீழ் இப்படி இருக்கிறது: "காலை முதல் சாரல். புகுமுக வகுப்பின் முதல் தேர்வுத் தாள்கள் திருத்தி முடிந்தன. முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொருவர் குற்றால அருவியை ஒரே மாதிரி வருணித்திருக்கிறார்கள். நெ. சார் தாள்களைக் கட்டி மேசைக்கு அடியில் தள்ளிவிட்டு, 'இவங்கள வெளிய கூட்டிட்டுப் போவணும்வே' என்றார்."

இந்தப் பக்கத்தைத் தேடி எடுக்க வைத்தது ஒரு கடிதம். நான் வேலை பார்த்த கல்லூரியின் தமிழ்த் துறையில் இப்போது இருக்கும் இளைஞர் ஒருவர் எழுதியிருந்தார். மாணவர்களின் வாசிப்புத் திறனையும் எழுத்துத் திறனையும் வளர்க்க "செயல்திட்ட வழிக் கற்றல்" என்ற புதிய முறையைக் கொண்டுவரப் போகிறார்களாம். அதற்கு இரண்டு நாள் பயிலரங்கமாம். "தங்கள் காலத்தில் இதுபோல் ஏதேனும் இருந்ததா?" என்று கேட்டிருந்தார். கடிதத்தில் தேதி இல்லை. உறையின் மேல் முத்திரையும் தெளிவாக விழவில்லை. எழுத்துத் திறன் பயிலரங்கத்தை முதலில் துறைக்குள்ளேயே நடத்தினால் நல்லது என்று பதில் எழுதினேன். அவர் கோபப்படாமல் மறுபடி எழுதினார். இந்த முறை தேதியோடு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாளையங்கோட்டையில் தமிழ் படித்தேன். வாசுதேவநல்லூர்ப் பள்ளியில் நான்கு ஆண்டு இலக்கணம் நடத்தினேன். அங்கே நான் கற்றுக்கொண்ட ஒரே விஷயம், பையன்கள் தூங்குவதற்கு முன் கொட்டாவி விடுவார்கள் என்பது. 1962 ஜூன் மாதம் சொந்த ஊரான தென்காசிக்கே கல்லூரி ஆசிரியராக வந்தேன். துறைத் தலைவராக நெல்லையப்பன் சார் இருந்தார், என் நாட்குறிப்பின் நெ. சார்.

சார் உயரம் குறைவு, குடை நீளம். அந்தக் குடையைச் சாரலில் விரித்து நான் பார்த்ததில்லை. வெயிலுக்கு மட்டும்தான் விரிப்பார். மாணவன் எழுதியதை "தப்பு" என்று அவர் சொல்லிக் கேட்டதும் இல்லை. ஒரு வாக்கியம் படிப்பார். கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். பிறகு என்ன என்பதுபோல், "பெறவு?" என்பார். மாணவன் அடுத்த வாக்கியத்தைப் படிப்பான். மறுபடி "பெறவு?" என்பார். எழுதியதில் சரக்கு இல்லையென்றால் நாலாவது "பெறவு"க்குள் மாணவனுக்கே அது தெரிந்து முகம் வெளிறிவிடும். நானும் வெளிறியிருக்கிறேன். துறையின் ஆண்டறிக்கையை அவரிடம் வாசித்துக் காட்டிய அன்று.

ஜூலை 9 அன்று அவர் சொன்ன திட்டம் இதுதான். சீசனுக்கு வெளியூர் ஜனங்கள் வருகிறார்கள். அவர்களுக்கு ஒரு கையேடு வேண்டும். அதை வகுப்பு எழுதட்டும். நாலு பேருக்கு ஒரு பக்கம். ரயில் நிலையத்திலிருந்து குற்றாலம் போவது ஒரு பக்கம், தங்குவது ஒன்று, பழக்கடைகள் ஒன்று, ஐந்தருவி ஒன்று, பேரருவியில் குளிப்பது ஒன்று, இப்படி. எழுதும் முன் படிக்க வேண்டும். பஸ் நேரப் பலகை, விடுதிகளில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகள், நூலகத்தில் இருக்கும் பழைய யாத்திரைக் குறிப்புகள் எல்லாவற்றையும் படித்து, எங்கே எப்போது படித்தது என்று கால் தாளில் குறிக்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் எனக்கு ஆனந்தம். தேதி போடச் சொல்லும் ஒரு மேலதிகாரி எல்லாருக்கும் கிடைப்பதில்லை.

ஆனால் சாருடைய முறையின் உயிர் அதற்குப் பிறகுதான். எழுதிய பக்கத்தைச் சனிக்கிழமை வெளியூர்க்காரர் ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். "கல்லூரிப் பிள்ளைகள் எழுதினது, இதுபடி போய்ப் பாக்கீங்களா?" என்று கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். அதற்குமேல் எழுதியவன் வாய் திறக்கக் கூடாது. பத்தடி பின்னால் நடந்து, அவர் எங்கே தயங்குகிறார், எங்கே வேறு ஆளிடம் கேட்கிறார், எங்கே தாளைத் திருப்பிப் பார்க்கிறார் என்று குறிக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஓர் இடறல். மூன்று இடறல் விழுந்தால் பக்கம் தள்ளுபடி. எழுதியவன் வாயைத் திறந்தால் இடறலை எண்ண வேண்டியதே இல்லை, அப்போதே தள்ளுபடி. மார்ச் மாதப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு யாரை அனுப்புவது என்று கல்லூரி போடும் செலக்ஷன் பட்டியலில், தமிழுக்கு இந்தப் பக்கமே கணக்கு.

"ஆளை அனுப்பிப் பாக்கிறது" என்பதுதான் சார் இதற்கு வைத்த பெயர். பயிலரங்கம் எல்லாம் நடத்தவில்லை.

முன்மாதிரிப் பக்கம் ஒன்றை நானே எழுதிக் காட்டுவதாகச் சொன்னேன். கேட்காமலே சொன்னேன். ரயில் நிலையத்திலிருந்து குற்றாலம் போகும் பக்கம். இரண்டு இரவு உழைத்தேன். ஜூலை 11 காலை, சிவகாசியிலிருந்து வந்திறங்கிய பெரியவர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டார். "மலையை நோக்கிப் போகும் பஸ்ஸில் ஏறவும்" என்பது என் மூன்றாவது வரி. அவர் மலையைப் பார்த்தார், ஒரு பஸ்ஸைப் பார்த்தார், ஏறிவிட்டார். விதிப்படி நானும் நான்கு மாணவர்களும் ஏறினோம். பஸ்ஸுக்குள் பத்தடி கிடைக்காது என்பதால் மூன்று வரிசை தள்ளி உட்கார்ந்தோம். என் முதல் வாசகர் செங்கோட்டையில் போய் இறங்கினார். அந்தப் பஸ்ஸும் மலையைப் பார்த்துத்தான் போகிறது. எங்கள் ஊரில் பாதிப் பஸ் மலையைப் பார்த்துத்தான் போகும். அதை நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை சார் என் தாளைப் படித்தார். "பெறவு?" என்றார். "செங்கோட்டை சார்" என்றேன். வகுப்பு ஒரு வாரம் சிரித்தது.

இனி மைதீன். கடையநல்லூர்க்காரன். காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் போவான். பேச ஆரம்பித்தால் ரயில் பெட்டியே அவன் பக்கம் திரும்பும். ஆனால் பேனாவைக் கையில் கொடுத்தால் வேறு ஆளாகிவிடுவான். எந்தத் தலைப்புக்கும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று ஒரே நோட்ஸை எழுதுவான். தலைப்பை மட்டும் இடையிடையே செருகுவான். முதல் தேர்வில் நூற்றுக்கு ஒன்பது.

தேர்வு முடிவு வீட்டுக்குப் போன மறுநாள் அவன் தகப்பனார் வந்தார். தறி வேலை செய்பவர். வந்தவர் உட்காரவில்லை.

"சார், எனக்குப் படிப்புப் பத்தித் தெரியாது. பய நல்லாப் பேசுதான், அது தெரியும். எழுதுதானா?"

சார் பொய் சொல்வதில்லை. "இன்னும் எழுதலை" என்றார்.

"பம்பாய்ல இவன் மாமா கடை வச்சிருக்காரு. அனுப்பு அனுப்புன்னு காயிதம் போட்டுட்டே இருக்காரு. இவன் வாத்தியாராவணும்னு ஒத்தக் கால்ல நிக்கான். செலக்ஷன்ல பேரு வரலேன்னா ஜனவரியில ரயில் ஏத்திருவேன் சார். வருசம் பூராம் வீணாக்க முடியாதுல்லா?"

கதவுக்கு வெளியே மைதீன் நின்றான். ஆசிரியராக வேண்டும் என்பவன் நூற்றுக்கு ஒன்பது வாங்கியதை நினைத்து எனக்குச் சிரிப்புத்தான் வந்திருக்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்ததில் வரவில்லை.

பேரருவிப் பக்கம் அவன் குழுவுக்கு விழுந்தது, எழுதும் பங்கு அவனுக்கு. முதல் வடிவத்தை வகுப்பில் எழுந்து வாசித்தான். இயற்கை அன்னை வந்தாள், அவள் மடி வந்தது, வெள்ளி உருகியது, முத்துச் சிதறியது. சார் ஆறு முறை "பெறவு?" கேட்டார். பன்னிரண்டு வரி முடிந்தும் குளிக்க வந்தவர் இன்னும் நனையவில்லை.

இசக்கி என்று ஒருவன், வாசுதேவநல்லூர்க்காரன், அதே குழுவில் இருந்தவன், பின் பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தான். "ஏலே மைதீன், அந்த மனுசன் துண்டோட நிக்காருலே. சளி புடிச்சிரும், சீக்கிரம் உள்ள அனுப்பு."

மைதீன் சிரித்தான். ஆனால் அன்று மாலை ரயிலை விட்டுவிட்டுக் குற்றாலம் போனான் என்று இசக்கி பிறகு சொன்னான். அடுத்த வாரம் கொண்டுவந்த வடிவம் வேறு மாதிரி இருந்தது. எண்ணெய் தேய்ப்பவர்கள் எங்கே இருப்பார்கள், தேய்த்தபின் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், சட்டையையும் பையையும் எங்கே கொடுத்துவிட்டுப் போகலாம், ஆண்கள் எந்தப் பக்கம், பெண்கள் எந்தப் பக்கம், பாசி வழுக்கும் படி எது, உள்ளே போனதும் எந்தக் கம்பியைப் பிடிக்க வேண்டும் எல்லாம் இருந்தது. வாக்கியங்கள் மொட்டையாக இருந்தன. ஆனால் ஒன்றன்மேல் ஒன்று கால் வைத்து நடக்கலாம்.

கடைசி வரி முடிந்ததும் சார் பழக்கத்தில், "பெறவு?" என்றார்.

"பெறவு என்ன சார், குளிச்சிட்டு வீட்டுக்குப் போவ வேண்டியதுதான்."

வகுப்பு சிரித்தது. சாரும் சிரித்தார். அவர் வகுப்பில் சிரித்ததை நான் குறித்து வைத்திருப்பது அந்த ஒரு தடவைதான். நான் தாளின் ஓரத்தில் சிவப்பு மையால் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்தை மறக்க எனக்கு வழியில்லை. தாள் என்னிடம்தான் இருக்கிறது.

ஜூலை 25, சனிக்கிழமை. காலையில் விருதுநகர்ப் பக்கமிருந்து வந்த ரயிலில் அருப்புக்கோட்டைக்காரர் ஒருவரும் அவர் மைத்துனரும் இறங்கியிருந்தார்கள். குற்றாலத்தில் பஸ்ஸை விட்டு அவர்கள் இறங்கியதும் மைதீன் தாளின் நகலை நீட்டினான். அருப்புக்கோட்டைக்காரர் நல்ல உருவம், நல்ல குரல். "பரீட்சை எனக்கா, ஒனக்கா தம்பி?" என்று கேட்டுவிட்டு வாங்கிக்கொண்டார்.

நாங்கள் பத்தடி தள்ளி நடந்தோம். மைதீன், இசக்கி, நோட்டும் பென்சிலுமாக நான். மலையில் மேகம் இறங்கியிருந்தது. அருவியில் நல்ல தண்ணீர், ஆனால் ஆர்ப்பாட்டம் இல்லை. அருப்புக்கோட்டைக்காரர் ஒவ்வொரு வரியையும் மைத்துனருக்கு உரக்கப் படித்தார். படித்தபடி எண்ணெய் தேய்த்துக்கொண்டார். படித்தபடி சட்டையைக் கொடுத்தார். வழுக்கும் படி வந்ததும், "மாப்ள, இதான் அந்தப் படி" என்று காட்டிவிட்டுத் தாண்டினார். தாளை மடித்துத் தலைத்துண்டுக்குள் செருகிக்கொண்டு அருவிக்குள் போனார். கம்பியைப் பிடித்தார்.

என் நோட்டில் ஒரு கோடுகூட விழவில்லை.

"ஏலே, ஒரு இடறல் இல்ல. செலக்ஷன் ஒனக்குத்தாம்லே" என்று இசக்கி மைதீனின் முதுகில் அடித்தான். மைதீன் திரும்பவில்லை. அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அருவியின் சத்தம் கொஞ்சம் தடித்திருந்தது. வெள்ளையாக விழுந்துகொண்டிருந்த தண்ணீரின் ஓரத்தில் டீயின் நிறம் ஏறியது. இரண்டு இலை வந்தது. ஒரு சுள்ளி வந்தது. மேலே மலையில் பெருமழை என்று அர்த்தம். எங்கள் ஊர்க்காரர்கள் இதற்கெல்லாம் ஓட மாட்டார்கள், கத்த மாட்டார்கள். பேசிக்கொண்டே கம்பியை விட்டு, துண்டைப் பிழிந்துகொண்டே வெளியே வந்தார்கள். ஐந்து பேர், எட்டுப் பேர், பத்துப் பேர்.

நெருக்கியடித்துக்கொண்டு நின்ற இடத்தில் பத்துப் பேர் போய்விட்டால் என்ன ஆகும்? இடம் கிடைக்கும். அருப்புக்கோட்டைக்காரர் முகம் மலர்ந்தது.

"மாப்ள, உள்ள வாங்க! எடம் காலியாயிருச்சு. நடு அருவியில நிப்போம்!"

இருவரும் உள்ளே போனார்கள். அவர்களோடு இன்னும் சில வெளியூர்க்காரர்களும்.

மைதீன் என்னைப் பார்த்தான். நான் செய்ததை மறைக்காமல் எழுத வேண்டும். நான் பென்சில் பிடித்த கையை உயர்த்திப் பேசாதே என்று சைகை காட்டினேன். நானும் தென்காசிக்காரன்தான். கலங்கல் தண்ணீர் எனக்கும் தெரியும். ஆனால் அந்த நிமிஷத்தில் என் தலைக்குள் இருந்தது தாள், பத்தடி, இடறல் இல்லாத நோட்டு, ஜனவரி ரயில். வாயைத் திறந்தால் இவன் பம்பாய் போய்விடுவான் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை அவனும் போட்டிருப்பான். எனக்கு முன்னால் முடித்துவிட்டான்.

ஓடினான். வழுக்கும் படி என்று தானே எழுதியிருந்த படியில் வழுக்கி, எழுந்து, மறுபடி ஓடினான்.

"அண்ணாச்சி! தண்ணி கலங்குது, வெளிய வாங்க! ஊர்க்காரங்க எல்லாம் வெளிய வாராங்கல்லா, அவங்க பின்னால வாங்க! எடம் கெடச்சுட்டுன்னு உள்ள போவாதீங்க!"

ரயில் பெட்டியைத் திருப்பும் குரல். அருவிச் சத்தத்துக்கு மேல் கேட்டது. இசக்கியும் ஓடினான். பிறகு நானும் ஓடினேன், மூன்றாவதாக. அருப்புக்கோட்டைக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான் மைதீன். அவர் மைத்துனரும் மற்றவர்களும் வந்தார்கள். எல்லாரும் மேட்டில் ஏறித் தலை துவட்டுவதற்குள் அவர்கள் பிடித்திருந்த கம்பி தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இதை எழுதும் தைரியம் எனக்கு இருந்திருக்காது.

அருப்புக்கோட்டைக்காரர் தண்ணீரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தலைத்துண்டிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். மை கரைந்திருந்தது. இருந்தாலும் கடைசி வரி வரை தேடினார்.

"தம்பி, இதுல இத எழுதலியே?"

மைதீனுக்கு மூச்சு வாங்கியது. "அது... எல்லாருக்கும் தெரியுமே அண்ணாச்சி."

"எனக்குத் தெரியாதேப்பா. அருப்புக்கோட்டையில அருவி இல்லையே."

திங்கட்கிழமை வகுப்பில் நான் நோட்டைப் படித்தேன். இடறல் இல்லை, எழுதியவர் பேசினார் என்று முடித்தேன். சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அப்பம் இந்தப் பக்கம் தள்ளுபடி" என்றார்.

இசக்கி எழுந்துவிட்டான். "சார், ஆளக் காப்பாத்துனான் சார்!"

"மைதீன் காப்பாத்துனான். அதுக்கு அவனுக்கு நான் எந்திரிச்சு நின்னு கும்பிடுதேன்." சொன்னபடியே எழுந்து நின்றார், கும்பிட்டார். "ஆனா தாளு காப்பாத்தலியே. மைதீன் அங்கன இல்லாத அன்னைக்கு?"

சார் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நான் அன்னைக்கு 'பெறவு?'ன்னு கேட்டேன். நீங்க சிரிச்சீங்க. நானும் சேந்து சிரிச்சேன். நம்ம எல்லாரும் இந்த ஊர்க்காரங்க, அதான் சிரிச்சோம்." பிறகு என் பக்கம் திரும்பி, "இதுல ஒரு செவப்பு மை கையெழுத்தும் இருக்கு" என்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மைதீன், அருவியில என்ன சத்தம் போட்ட?"

மைதீன் வெட்கத்தோடு சொன்னான். எங்கள் முன்னால் சொல்லும்போது அது அருவிக் குரலில் வரவில்லை.

"அத எழுது."

"அதயா சார்? அது சும்மா பேச்சுல்லா?"

"எழுது. பேச்ச எழுத்தாக்கு. வெள்ளி, முத்து எதுவும் வேண்டாம்."

மைதீன் அங்கேயே நின்றபடி, என் மேசையின் ஓரத்தில் தாளை வைத்து எழுதினான். திருத்திய பக்கம் இப்படி முடிகிறது: "தண்ணீர் கலங்கினாலும், இலையோ சுள்ளியோ வந்தாலும், உடனே வெளியே வாருங்கள். உள்ளூர்க்காரர்கள் வெளியே போவதைப் பார்த்தால், இடம் கிடைத்தது என்று உள்ளே போகாதீர்கள். அவர்களுக்குப் பின்னால் நீங்களும் வாருங்கள்." அவன் எழுதித் தேதி போட்டான். நான் சொல்லாமலே போட்டான்.

அன்று மற்ற ஒன்பது பக்கங்களையும் சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். நமக்குத் தெரியும் என்பதால் விட்டுப்போனவற்றை ஒவ்வொரு குழுவும் தேட வேண்டும் என்றார். ஐந்தருவிப் பக்கத்தில் குரங்கு இல்லை. பழக்கடைப் பக்கத்தில் மங்குஸ்தான் பழத்தை எப்படி உடைப்பது என்று இல்லை. வெளியூர்க்காரர்கள் அதைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தூர எறிவதை நாங்கள் வருஷா வருஷம் பார்த்துச் சிரித்திருக்கிறோம். யாருக்கும் எழுதத் தோன்றவில்லை. என் பங்குக்கு, பஸ்ஸின் நெற்றியில் "குற்றாலம்" என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு ஏறவும் என்று ஒரு வரி சேர்த்தேன். இரண்டாவது வாசகர் குற்றாலத்திலேயே இறங்கினார்.

மைதீனின் புதிய பக்கத்தை ஆகஸ்ட் 8 அன்று ஒரு காரைக்குடிக் குடும்பம் வாங்கிக்கொண்டது. அன்று தண்ணீர் கலங்கவில்லை. அதனால் அவர்கள் குளித்துவிட்டு வந்தபின், "எப்பம் வெளிய வந்திருப்பீங்க?" என்று சாரே கேட்டார். அந்த அம்மாள் தாளைப் பார்க்காமல் அப்படியே சொன்னார், சுள்ளி உட்பட. செலக்ஷன் பட்டியலில் மைதீன் பெயர் வந்தது. மார்ச்சில் தமிழில் நாற்பத்துமூன்று. அவன் தகப்பனார் மறுபடி வந்தார், இந்தத் தடவை உட்கார்ந்தார். மைதீன் பம்பாய் போகவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துக் கடையம் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தான். வகுப்பில் எவனாவது கட்டுரை வாசித்தால் அவனும் "பெறவு?" என்று கேட்கிறானாம். அதை இசக்கிதான் சொன்னான், கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்பவன்.

விட்டுப்போனவை சேர்ந்ததில் கையேடு பதினாறு பக்கம், கையால் உருட்டும் கல்லூரி நகலெடுப்பு யந்திரத்தில் நூறு பிரதிகள். ஒன்று என்னிடம் இருக்கிறது. பேரருவிப் பக்கம் ஒன்பதாவது.

கடிதம் எழுதிய இளைஞருக்கு ஒரு செய்தி மட்டும் பாக்கி. 1968 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை, பேரருவிக்குப் போகும் வழியில் புதிதாக ஒரு பலகையைப் பார்த்தேன். வெள்ளைப் பலகை, கறுப்பு எழுத்து. மேலே வழக்கமான எச்சரிக்கை. அதற்குக் கீழே: "உள்ளூர்க்காரர்கள் வெளியே போவதைப் பார்த்தால், இடம் கிடைத்தது என்று உள்ளே போகாதீர்கள்." நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டேன். துண்டும் பிள்ளைகளுமாக ஒரு குடும்பம் வந்தது. நின்று படித்தார்கள். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார்கள். பழக்கத்தில் பையிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டேன். குறிக்க எதுவும் இல்லை.

அந்த வரியைப் பலகைக்குக் கொடுத்தது யார் என்று விசாரித்தேன். தான் கொடுக்கவில்லை என்று மைதீன் எழுதினான். இசக்கியும் இல்லை என்றான். சார் அதற்கு முந்தின ஆண்டு ஓய்வு பெற்றிருந்தார். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பெறவு?" என்றார். பலகை வைத்த அலுவலகத்தில் அதைப் பற்றிய குறிப்பு எதுவும் எனக்குக் காட்டப்படவில்லை. நூறு பிரதிகளில் ஒன்று அங்கே போயிருக்கலாம். அருவியில் நின்ற வேறு யாரோ தானாகவே எழுதியும் இருக்கலாம். அது மைதீனின் வரிதான் என்பது இந்தத் தேதி வரை உறுதி செய்யப்படவில்லை.